வெல்டா மேயைக் கண்டெடுத்தவர்

மனிதர்களில் 'கண்டெடுத்தவர்' என்று ஓர் இனம் உண்டு. கொலம்பஸைச் சொல்லவில்லை. அவராவது கப்பல் ஏறிப் போனார், கடல் பார்த்தார், வாந்தி எடுத்தார். நம்முடைய ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

யாராவது ஒருவர் பெயர் வாங்கிவிட்டால் போதும், அவரை முதன்முதலில் கண்டெடுத்தவர் எங்கிருந்தோ முளைத்துவிடுவார். அதுவரை எங்கே இருந்தார்? அங்கேயேதான் இருந்தார். பக்கத்து நாற்காலியில், கொட்டாவி விட்டுக்கொண்டு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பேச்சைத் தானாக ஆரம்பிக்கவே மாட்டார். ஆனால் ஆரம்பித்தே தீரவேண்டிய இடத்துக்கு நம்மை மாடு ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். மழை பெய்தால், "இதே மாதிரிதான் அன்னிக்கும் பேஞ்சுது" என்பார். மாட்டுக்குக் காணை நோய் என்றால், "அந்த வருஷமும் காணை வந்துச்சு" என்பார். எந்த வருஷம் என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். அதன் பிறகு, "இதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்லை" என்று ஓர் அடக்கம். அந்த அடக்கத்துக்குப் பிறகு நீங்கள் வீட்டுக்குப் போகிறபோது சோறு ஆறிப்போயிருக்கும். அவர் கண்டெடுத்த ஆள் இப்போது செய்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது என்பது இன்னொரு அடையாளம். "அப்ப இருந்த சத்து இப்ப இல்லை. நான் சொன்னா கேட்டுக்கும். ஆனா நான் எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

அமெரிக்காவில், டென்னஸி மாநிலத்தின் கிழக்கு மலையில், கோல்டர் கிரீக் என்ற ஊரில், இந்த இனத்தின் நன்கு கொழுத்த உருப்படி ஒன்று வாழ்ந்துவந்தது. பெயர் ஹோபர்ட் ஸ்லேட்டன். தொழில், கால்நடைத் தீவனக் கடை. கடையை ஒட்டி அவருக்கு ஒரு மாட்டு ஏலக் கொட்டகையும் இருந்தது. வாரநாளில் அங்கே மாடு ஏலம் போகும். சனிக்கிழமை சாயங்காலம் தரையைக் கழுவி, மரத்தூள் தூவி, அதே மேடையில் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். மாட்டுக்கு விலை கூவிய அதே ஒலிபெருக்கி, அதே ஹோபர்ட். பாடகர்களையும் அவர் கிட்டத்தட்ட அதே குரலில்தான் அறிமுகம் செய்வார். வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாவட்ட ரேடியோ கச்சேரியை நேரடியாக ஒலிபரப்பும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஸ்லேட்டன் தீவனத்துக்கு விளம்பரம். அதையும் சொல்வது ஹோபர்ட்தான்.

அவர் கண்டெடுத்ததாகச் சொன்னது வெல்டா மே பிரிட்டை.

கன்ட்ரி பாட்டு என்று அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டு ஒன்று உலகத்தில் இருப்பதை மதிக்கிறவர்கள், அதை வெல்டா மேக்கு முன், வெல்டா மேக்குப் பின் என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். அவளுக்கு முன்னால், அந்தப் பாட்டுக்குத் தலைநகரமான நாஷ்வில்லில் ஒரு பாட்டைப் பதிவு செய்தால் இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஊசி நுழைய இடம் விட மாட்டார்கள். பாடகி மூச்சு வாங்கினால் அந்த இடத்தில் வயலின்கள் புகுந்துவிடும். வயலின்கள் மூச்சு வாங்கினால் பின்னால் நிற்கிற கூட்டம் 'ஊ' என்று இழுக்கும். பாட்டு என்னவோ புருஷன் ஓடிப்போனதைப் பற்றித்தான். கேட்டால் கல்யாண வரவேற்புபோல இருக்கும். வெல்டா மே வந்தாள். ஒரு சாதாரண கிட்டார், ஒரு ஸ்டீல் கிட்டார், அவள் குரல். வேறு ஒன்றும் இல்லை. அடியின் கடைசி வார்த்தைக்கு முன்னால் அவள் நின்றாள். அந்த இடத்தில் எந்த வாத்தியமும் கிடையாது. கேட்கிறவள் தன் வீட்டுக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு அந்த நிறுத்தம் இருக்கும். அப்புறம் அந்த வார்த்தையை, வேலை முடிந்து வந்தவள் சாவியை மேஜைமேல் வைப்பதுபோல, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள்.

முதல் இசைத்தட்டு வந்தபோது, தட்டு பழுது என்று சில ரேடியோ நிலையங்கள் திருப்பி அனுப்பின. லாரி ஓட்டுகிறவர்கள் வண்டி ரேடியோவைக் குத்திப் பார்த்தார்கள். ஆனால் ஆலையிலும் சலவைக் கடையிலும் நின்று வேலை செய்த பெண்கள் யாரும் ரேடியோவைக் குத்தவில்லை. பாட்டை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் நாஷ்வில் முழுக்க நிற்க ஆரம்பித்தது. காரணம் இருந்தாலும் நின்றார்கள், இல்லாவிட்டாலும் நின்றார்கள். ஒரு பிரபல பாடகர் நின்ற நிற்பில் மிச்சப் பாட்டை மறந்துபோய், கையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டார். ஜனங்கள் கண் கலங்கினார்கள். பாதிரிமார்கள்கூட, "கர்த்தர் உன்னை..." என்று நிறுத்திவிட்டுச் சபையை முறைத்துப் பார்க்கப் பழகினார்கள். இசைத்தட்டுக் கம்பெனி வெல்டா மேயிடம், இனி கொஞ்சம் வயலின் சேர்த்துக்கொள்ளலாமே என்றது. முடியாது என்றாள். ஒதுக்கி வைத்தார்கள். மாவட்டச் சந்தைகளிலும் குதிரை ஓட்ட மைதானங்களிலும் வருஷக்கணக்கில் பாடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அடுத்த தலைமுறைப் பாடகிகள் கிளம்பி, அழுகிற பாட்டை விட்டு நிமிர்ந்து பார்க்கிற பாட்டுக்கு வந்தது அவளைக் கேட்டுத்தான் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். தலை நரைத்த பிறகு அவளுக்குப் பட்டாபிஷேகம் ஆனது.

அவள் வளர வளர ஹோபர்ட்டின் கதையும் வளர்ந்தது. முதல் பாட்டு ரேடியோவில் வந்தபோது, "அந்தப் பொண்ணு நம்ம கொட்டகையில ஒரு தடவை பாடியிருக்கு" என்றார். அது உண்மை. பரிசு வாங்கினபோது, "நான்தான் மேடை ஏத்தினேன்" என்றார். அதிலும் பொய் இல்லை; மேடைக்கு ஒரு படி இருந்தது, அவர் கையைக் கொடுத்தார். நாக்ஸ்வில்லிலிருந்து ஒரு ரேடியோக்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு கடைக்கு வந்த அன்றுதான் கதை உயரத்துக்குப் போனது. அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது என்று உலகமே கேட்கிறதே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று அவர் கேட்டார். ஹோபர்ட் ஒரு பெருமூச்சு விட்டார். தீவன மூட்டைகளைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன். 'கடைசி வார்த்தைக்கு முன்னால கொஞ்சம் நில்லு கண்ணு. ஜனங்களுக்குப் பசி எடுக்கட்டும், அப்புறம் போடு'ன்னு."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? அவருக்கே ஆச்சரியம். ஆனால் வந்துவிட்டது, அழகாகவும் இருந்தது. பத்திரிகையில் வந்தது. புத்தகத்தில் ஏறியது. நாஷ்வில்லில் கன்ட்ரி பாட்டின் வரலாறு எழுதுகிற பெரிய மனிதர்கள் எல்லாம் ஓர் அடிக்குறிப்பில் தீவனக் கடைக்காரர் ஒருவருக்கு வணக்கம் செலுத்தினார்கள். ஊரில் போட்டிக்கு ஒரு கண்டெடுத்தவர் இருந்தார். பாப்டிஸ்ட் கோயிலில் பாட்டுச் சொல்லித்தந்த மிஸ் ஐனா டிராமல். வெல்டா மேக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லித்தந்தது தான்தான் என்பது அந்த அம்மாளின் கட்சி. இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால் தொப்பியைத் தொட்டு, தலையை அசைத்து, ரொம்ப மரியாதையாக ஒருவரையொருவர் வெறுத்தார்கள்.

உண்மையில் என்னதான் நடந்தது?

வெல்டா மேக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. காலுறை ஆலையில் வேலை. தானே கட்டிய பாட்டு என்று சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை கொட்டகைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிற ஒரு புருஷனைப் பற்றிய பாட்டு. கூட்டம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "ஞாயிறு உனக்கு வீடு இருக்கு, திங்கள் முதல் நான்..." என்று பாடி, அங்கே நின்றாள்.

ரேடியோவில் ஒரு நொடி மௌனம் என்றாலும் ஹோபர்ட்டுக்கு ஆகாது. பெண்ணுக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்தார். இரண்டே எட்டில் மேடைக்கு வந்து, அவள் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்து, மணி போன்ற குரலில் அறிவித்தார்:

"ஸ்லேட்டன் பன்றித் தீவனம்! மூட்டை பிரிச்சா போதும், பன்னி தானா வந்து நிக்கும்!"

'திங்கள் முதல் நான் ஸ்லேட்டன் பன்றித் தீவனம்.' கொட்டகை வெடித்தது. பெஞ்சுகள் ஆடின. சிலர் தொப்பியால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் அசையாமல் நின்று, சிரிப்பு அடங்குகிற வரை பொறுத்திருந்து, மிச்சமிருந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்: "விதவை." அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இறங்கி வந்தவளிடம் ஹோபர்ட், மறந்துபோனால் சிரித்துச் சமாளிக்க வேண்டும், மரம்போல நிற்கக் கூடாது, பாட்டு உனக்குச் சரிப்படாது போலிருக்கிறது என்று தன்மையாகவே சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவளைக் கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலத்துக்குள் அவள் நாஷ்வில்லுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இதைப் பார்த்தவர்கள் கொட்டகை நிறைய இருந்தார்களே, ஒருவர்கூடவா ஹோபர்ட்டின் கதையை மறுக்கவில்லை? எப்படி மறுப்பார்கள்? சிரித்தது அவர்கள்தானே.

ஹோபர்ட்டின் மனைவி நேவாவும் அன்று அங்கே இருந்தாள். கதவோரமாகப் பீச் பழம் வைத்துச் சுட்ட பணியாரம் விற்றுக்கொண்டிருந்தாள். நாக்ஸ்வில் ரேடியோவில் கணவரின் குரலைக் கேட்டபோது அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நல்ல குரல் உனக்கு" என்றாள். ஹோபர்ட்டுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வரிப் பாராட்டுக்குத்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் மாவட்ட நிர்வாகம் ஒரு குண்டைப் போட்டது. ஏலக் கொட்டகைக்கு வெல்டா மே பிரிட் அரங்கம் என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். வெல்டா மே நேரில் வருகிறாளாம். ஊரைவிட்டுப் போனபின் தாயைப் பார்க்க வந்து வந்து போனாளே தவிர, கொட்டகைப் பக்கம் கால் வைத்ததில்லை. தாய் கோரா செத்த பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை. வரவேற்புரை யார்? வேறு யார், அவளைக் கண்டெடுத்தவர்தான்.

சேதி கேட்ட அன்றிலிருந்து ஹோபர்ட்டுக்குப் பல் வலித்தது. பிறகு இடுப்பு. பிறகு, நினைத்துக்கொண்டாற்போல, காது. இப்படி ஒரு நிலைமையில் மேடை ஏறுவது சரியா என்று மனைவியிடம் கேட்டார். அவளுக்கு ஞாபகம் இருக்காது, எத்தனையோ மேடை பார்த்தவள், என்றும் அவரே சொல்லிப்பார்த்தார்.

"தன் தலைமேல பன்னித் தீவனம் வித்தவனை ஒரு பொம்பளை மறப்பாளா?" என்றாள் நேவா. "மேடையில போட்டு உடைச்சா உடைக்கட்டும். போய் நில்லு. அவ நின்னாள்ல?"

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் வாசலில் ஒரு கார் நின்றது. வெல்டா மே தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடையில் போடுகிற ஜிகினாச் சட்டை இல்லை. சாதாரணக் கம்பளிச் சட்டை, நரைத்த தலையில் ஒரு சீப்பு. நேவா சாப்பிடுகிற நேரத்தில் வந்தவளை விடுவாளா? பன்றிக்கால் எலும்பு போட்டு வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி, தக்காளித் துண்டுகள் எல்லாம் மேஜைக்கு வந்தன. ஹோபர்ட் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாரே தவிர வாயில் போடவில்லை. பேச்சு ஆலையைப் பற்றிப் போயிற்று. ஆலை மூடியதைப் பற்றிப் போயிற்று. யார் யார் செத்தார்கள் என்று ஒரு சுற்று வந்தது. அவர் கொஞ்சம் தைரியம் பெற்று ஒரு தக்காளித் துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

"பன்னித் தீவனம் இன்னும் போகுதா, மிஸ்டர் ஸ்லேட்டன்?"

தக்காளி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நேவா தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்ததைப்போல, நேராக வெல்டா மேயிடமே கேட்டாள்.

"எதுக்குக் கண்ணு அன்னிக்கு நின்னே? எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் புரியலை. மறந்துடுச்சா?"

"மறக்கலை, மிஸஸ் ஸ்லேட்டன். பயம். அது எங்க வீட்டுப் பாட்டு. எங்கப்பா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும்தான் வருவாரு. எங்கம்மா மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தா, நான் பாடறேன்னு கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வரலை. அதான் நின்னேன்."

இந்த நிறுத்தத்தைப் பற்றி நாஷ்வில்லில் என்னவெல்லாம் எழுதியிருந்தார்கள்! மலைக் காற்றின் தாளம் என்றார் ஒருவர். ரயில் நின்று போகிற ஊரின் இசை என்றார் இன்னொருவர். கோல்டர் கிரீக்கில் ரயிலே கிடையாது.

"எல்லாரும் சிரிச்சப்ப அவளும் சிரிச்சா," என்றாள் வெல்டா மே. "என்ன செய்வா, பாவம். சிரிக்காம இருந்தா, பாட்டு யாரைப் பத்தின்னு பக்கத்துல இருக்கிறவளுக்குத் தெரிஞ்சு போயிடுமே. நான் பாத்தேன். நான் பாத்ததை அவளும் பாத்தா."

ஹோபர்ட் பிட்டு வைத்திருந்த ரொட்டித் துண்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினார். அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தொடர்ந்தாள். மெம்ஃபிஸில் ஒரு பத்திரிகைக்காரன் அவளிடம், ஸ்லேட்டன்தான் உங்களுக்கு நிற்கச் சொல்லித்தந்தாராமே என்று கேட்டானாம். இல்லை என்று சொன்னால் அடுத்தபடியாக, அப்படியானால் என்ன நடந்தது என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். அது பத்திரிகையில் வந்ததாம்.

"அம்மா அதைப் படிச்சுட்டு எனக்கு போன் பண்ணினா. 'ஆமா, அன்னிக்கு அப்படித்தான் நடந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு'ன்னா. அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அந்த ஒரு தடவைதான்." அவள் சோள ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "உங்க கதையில யாரும் சிரிக்கலை, மிஸ்டர் ஸ்லேட்டன். நாளைக்கும் அதையே சொல்லுங்க. மாத்திடாதீங்க."

அவள் போன பிறகு ஹோபர்ட் வெகுநேரம் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தார். தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டியவர்தான். பல்வலியும் போய்விட்டிருந்தது. ஆனால் இத்தனை காலம் தன் சொந்தச் சொத்து என்று நினைத்து அனுபவித்துவந்த பொய்யில், தனக்குத் தெரியாமல் ஒரு தாயும் மகளும் குடியிருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு என்னவோ செய்தது.

விழா நடந்தது. ஹோபர்ட் வரவேற்புரை ஆற்றினார். வழக்கத்தில் பாதிகூட இல்லை; கடைசி வார்த்தை, பசி, போடு என்று எல்லாம் சரியாகத்தான் வந்தது, குரல்தான் ஏலத்தில் விலை போகாத மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. வெல்டா மே மைக்குக்கு வந்து, அவர் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் உண்மை என்றாள். கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. அன்று சிரித்தவர்களில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்கள். மிஸ் ஐனா டிராமல் மட்டும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. வெல்டா மே தன்னோடு ஓர் இளம் பாடகியை அழைத்து வந்திருந்தாள். கெய்லா டன்லப் என்று பெயர். அந்த வருஷம் ரேடியோவைத் திறந்தால் அவள்தான். அவளை மேடைக்கு அழைத்து, தோளில் கை போட்டு, வெல்டா மே ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்லை" என்று ஆரம்பித்தாள்.

முன்வரிசையில் இருந்த ஹோபர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு பெட்ரோல் பங்கில் வருகிறவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்ததாம் இந்தப் பெண். வெல்டா மேயின் காதில் விழுந்ததாம். அந்த இடத்திலேயே, "கண்ணு, நீ இருக்கவேண்டிய இடம் இது இல்லை" என்று சொல்லி, காரில் ஏற்றி, நாஷ்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். கெய்லா டன்லப் உதட்டை மூடியபடி புன்னகை செய்தாள். சொந்தமாக ஒரு குழு வைத்துக்கொண்டு ஓக்லஹோமா முழுக்க வருஷக்கணக்கில் பாடி, தன் காசில் இசைத்தட்டுப் போட்டு, அதன் பிறகுதான் அந்தப் பெண் நாஷ்வில்லுக்கு வந்தாள் என்பது கூட்டத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பெட்ரோல் பங்கில் அவள் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் மறுக்கவில்லை. பெரியவர்களை மேடையில் மறுக்க முடியுமா?

ஹோபர்ட் மனைவியின் காதருகே குனிந்தார். "இது நம்ம ஆளுடி" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பாசம்.

"சும்மா இரு," என்றாள் நேவா. ஆனால் அவளும் சிரித்துவிட்டாள்.

விழாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் ஹோபர்ட் கதை சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தாங்களாகவே மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தார்கள். காணை நோயைப் பற்றிப் பேசிப் பார்த்தார்கள். "ஆமா, மழைதான்" என்றார். அவருக்கு உள்ளே ஏதோ வியாதி என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு வீட்டிலிருந்து வேகவைத்த கோழிகூட வந்தது.

இலையுதிர்காலத்தில் ஒஹாயோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வெல்டா மேயின் எல்லாப் பாட்டும் மனப்பாடம் அவர்களுக்கு. அரங்கத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் வருகிற அந்த ஸ்லேட்டன் நீங்கள்தானா என்று கடைக்குள் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஹோபர்ட் கல்லாவில் இருந்த நேவாவைப் பார்த்தார். அவள் கணக்கு நோட்டைப் பார்த்தாள். அவர் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார். கடைசி வார்த்தைக்கு முன்னால் நில்லு கண்ணு என்று சொன்ன இடம் வந்தது. அவள் நின்ற இடம் வந்தது. கொட்டகையே மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் வந்தது. வழக்கமாக அங்கே கதை முடிந்துவிடும். அன்று முடியவில்லை.

"அவ அம்மா கோரா மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தா," என்றார் ஹோபர்ட். "மகள் பாடறான்னு கோட்டுப் போட்டுக்கிட்டு வந்திருந்தா. அந்த வார்த்தையை அவ சொன்னதும் கோரா எழுந்து நின்னுட்டா. எழுந்து நின்னு, ஊரே பாக்கறப்ப, அழுதா. பெருமையில."

ஒஹாயோ அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹோபர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்திருப்பார். கல்லாப் பக்கமிருந்து நேவாவின் குரல் வந்தது.

"கைக்குட்டையை விட்டுட்டியே. நீலக் கைக்குட்டை. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

இப்போது புத்தகத்தின் புதிய பதிப்பில் அந்த நீலக் கைக்குட்டையும் இருக்கிறது. அரங்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீலக் கைக்குட்டையை வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்வி. யார் கொடுத்தது என்று விசாரித்தால் மிஸ் ஐனா டிராமல் என்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. உங்கள் தெருவிலிருந்து ஒருவன் கிளம்பி நாளைக்குப் பத்திரிகையில் படம் வருகிற அளவுக்கு ஆனான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக நீங்கள் அவன் அப்பாவிடம் போய்ச் சண்டை பிடித்தது ஞாபகம் வருமா, அல்லது, "அந்தக் கையில ஏதோ இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்று வருமா? போகட்டும், அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வெல்டா மே பிரிட் என்று ஒருத்தி இருந்ததே இந்தப் பக்கத்தைத் திறக்கிறவரை உங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கன்ட்ரி பாட்டு என்று பேச்சு வரும். நீங்கள் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்வீர்கள். "அதுல ஒரு பொம்பளை இருக்கா, யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பிப்பீர்கள். நடுவில், சரியான இடமாகப் பார்த்து, ஒரு நொடி நிற்கவும் நிற்பீர்கள்.

அந்த நொடியில் யாரும் பன்றித் தீவனம் விற்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.